‘சங்கு’ பாட்டைப் பதிவு செய்த செவ்வாய்க்கிழமை

2023 மார்ச் 21, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன். காபி குடித்துவிட்டு, முதல் நாள் சுற்றிவைத்த கேபிள்களை விரித்து, எங்காவது முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் சுற்றினேன். ஸ்டுடியோவின் இரண்டு கதவுகளையும் திறந்து காற்றோட விட்டேன். மைக்குகளின் மேல் போர்த்தியிருந்த துணிகளை வெளியே கொண்டுபோய் உதறினேன். எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் இருப்பதால் ஒரே இரவில் எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்துவிடும். பிறகு இட்லி, குளியல். கணினியைப் போட்டுக்கொண்டிருந்தபோது இசைக்குழு வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

காதின் கூர்மை குறைந்துவருகிறது என்று மருத்துவர் சொன்னதும், இந்த ஸ்டுடியோவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வந்திருக்கும் நீங்கள், எந்த மைக்கை எங்கே வைப்பது, எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்று கேட்கிறீர்கள். அவையெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை இந்த ஒரு நாளை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வந்து இறங்கியவர்கள் ‘மில்கேட்’ இசைக்குழு. நான்கு பேர். குழுவை நடத்தும் கார்த்தி கிட்டார் வாசிப்பான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டாருக்குப் பால்கோவாக் கடை. தினமும் ஒரு பொட்டலத்தோடு வருவான். பாட்டு முடியும்வரை அதைப் பிரிக்கக் கூடாது என்பது என் உத்தரவு. பேஸ் கிட்டார் ஸ்ரீனி, ராஜபாளையத்துக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். பாடுவது மீனா, பாட்டு எழுதுவதும் அவள்தான். இந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. அந்த இடத்தில் உறுமி. அதை வாசிக்கிற முனியாண்டி அண்ணன் வன்னியம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம்.

அவர்களுடைய முதல் ஆல்பம் வெளியூரில் பதிவானது. எல்லோரும் தனித்தனியாக, காதில் கடிகாரம் மாதிரி ஓடும் தாளத்துக்கு வாசித்து, பிறகு ஒட்டியது. அதில் ஒரு பாட்டு கல்யாண வீடுகளிலெல்லாம் ஓடியது. ஆனால் முனியாண்டி அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. என்னைய மாதிரியே எவனோ வாசிச்சிருக்கான்” என்றாராம். அதனால் இரண்டாவது ஆல்பத்தை ஊரிலேயே, ஒரே நேரத்தில் நான்கு பேரும் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்து என்னிடம் வந்தார்கள். எட்டுப் பாட்டு அப்படித்தான் முடித்தோம். ஒவ்வொன்று முடியும்போதும் எனக்குக் கை பரபரக்கும். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தும் அப்படி ஒரு மாதம் எனக்கு வாய்த்ததில்லை.

ஒன்பதாவது பாட்டுதான் ‘சங்கு’. ஆல்பத்துக்கும் அதுதான் பெயர். மில்லில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுமே, அந்தச் சங்கு. மீனாவின் அம்மா நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். முதல் சங்குக்கும் இரண்டாவது சங்குக்கும் நடுவில், கேட் சாத்துவதற்குள் பெண்கள் தூக்குவாளியோடு ஓடுவார்கள். பாட்டின் கடைசிப் பகுதி அந்த ஓட்டம். வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும். மீனாவின் குரலும் உறுமியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய்ச் சட்டென்று நிற்க வேண்டும்.

அந்தப் பகுதிதான் வரவில்லை. முந்தின இரண்டு நாளும் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கடைசி நாள். காரணம், அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் முனியாண்டி அண்ணனுக்கு அவர் ஊர்க் கோயிலில் காப்புக் கட்டு. பங்குனித் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அது முடிந்தால் அடுத்தடுத்த ஊர்த் திருவிழாக்கள். ஆல்பத்தை வெளியிடுகிற நிறுவனமோ அந்த வாரக் கடைசிக்குள் எல்லாப் பாட்டும் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஆக, அன்று நாலரை மணிக்குக் கார்த்தியின் பைக்கில் அண்ணன் ஏறுவதற்குள் ‘சங்கு’ முடிய வேண்டும்.

காலையில் ஐந்து முறை வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் முதல் பாதி பிரமாதமாக வரும். ஓட்டம் தொடங்குகிற இடத்தில் என்னவோ தளர்ந்துபோகும். யாரும் தப்பு செய்யவில்லை. தாளம் பிசகவில்லை. ஆனால் ஓடுகிறவர்கள் யாரும் அதில் இல்லை.

ஐந்தாவது முறையும் அப்படியே முடிந்ததும் ஸ்ரீனி கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, “சங்கு பாட்டு நமக்கே சங்கு ஊதிரும் போல இருக்கேலே” என்றான்.

“வாயக் கழுவுலே மொதல்ல” என்றான் கார்த்தி.

முனியாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. உறுமியின் தோலைத் தடவிக்கொண்டே, “எனக்குத்தான் ஓடல போலருக்கு தம்பி. வெறும் வயிறு” என்றார். காப்புக் கட்டு நாள் என்பதால் அவர் விரதம். காலையிலிருந்து ஒரு இளநீர்தான். தோல் தொய்ந்துவிடும் என்று அந்த அறையில் ஏசி போடுவதில்லை. சத்தம் விழும் என்று ஃபேனும் இல்லை. எல்லோர் முதுகிலும் சட்டை ஒட்டியிருந்தது.

“இல்லண்ணே, என் மேலதான் தப்பு. நீங்க எப்பயும் போலத்தான் வாசிக்கீக” என்றாள் மீனா. தனிக்கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பாடுகிறவள் அவள். குரல் மைக்கில் உறுமிச் சத்தம் ஏறாமல் இருக்க அப்படி ஏற்பாடு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லும்.

அவர் இப்படிச் சொன்னதையும் அவள் அப்படிச் சொன்னதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

மதியம் மற்றவர்கள் அண்ணன் கண்ணில் படாமல் தெருமுனைக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காலையில் பதிவான ஐந்தையும் திரும்பக் கேட்டேன். முழுப் பாட்டாகக் கேட்டபோது ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மீனாவின் குரலை மட்டும் தனியாக வைத்துக் கேட்டேன். ஓட்டம் தொடங்குவதற்கு முன் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் தெளிவாக விழுந்திருந்தது. இழுத்த மூச்சை அவள் உடனே பாட்டாக விடவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்து உறுமியை மட்டும் கேட்டேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கிற அந்த உறுமல், அதே இடத்தில், தேவைக்கு மேல் நீள்கிறது. அவரும் நிற்கிறார்.

ஐந்திலும் அப்படியே. 

பெரியவர் முந்தட்டும் என்று அவள் காத்திருக்கிறாள். முன்னால் ஆடுகிறவர் எப்படி அடி வைக்கிறாரோ அதற்கு வாசிப்பதுதான் உறுமிக்காரரின் முறை. அவர் ஒருநாளும் முந்த மாட்டார். அவர் அவளுக்காகக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் மரியாதையாக ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு கேட் சாத்துகிறவரை நிற்கிறார்கள்!

இதைப் போய் அவர்களிடம் விளக்கலாம்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை. “நீ முந்து” என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவள் பாட மாட்டாள், முந்துவாள். அது பாட்டில் அப்படியே கேட்கும். நீங்களும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவீர்கள். காரணம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை உடனே வாயால் சொல்லிவிடாதீர்கள். என்ன செய்தால் அது தானாக நடக்கும் என்று யோசியுங்கள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே கார்த்தி திரும்பி வந்துவிட்டான். அவனும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து, காலையில் அண்ணன் வாசித்ததிலிருந்து நல்ல நாலு அடியை வெட்டியெடுத்து, அடுக்கி, வேகத்தைக் கூட்டி, கடைசிப் பகுதிக்கு ஒரு உறுமியைத் தயார் செய்துவிட்டான்.

“பக்காவா இருக்குக்கா. இதுக்கு மேல மீனா பாடிட்டான்னா முடிஞ்சுது. அண்ணனும் நிம்மதியா ஊருக்குப் போயிரலாம்.”

மீனா நின்றபடியே கேட்டாள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

“நல்லாருக்கு” என்றாள். “யாரு வாசிச்சது?”

“ஏட்டி, வெளையாடாத. நேரம் போகுது.”

“வெளையாடல கார்த்தி. இதத்தான் போடணும்னா இந்தப் பாட்ட எடுத்துருங்க. எட்டுப் பாட்டோட போகட்டும். எங்கம்மா ஓடுன ஓட்டத்தக் கம்ப்யூட்டர்ல ஒட்டி, அவிய முன்னாடி என்னால போட்டுக் காட்ட முடியாது.”

அவள் கோபமாகப் பேசவில்லை. தீர்மானமாகப் பேசினாள். அவள் எழுதியதில் அவள் வீட்டுக் கதை என்று இந்த ஆல்பத்தில் இருந்தது அந்த ஒரு பாட்டு. அது போகுமா நிற்குமா என்பது இனி அந்தச் சாயங்காலத்துக்குள் முடிவாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. முனியாண்டி அண்ணனின் மனைவி. “அக்கா, அவிய கெளம்பிட்டாகளா? கொட்டுக்காரவுக அம்புட்டு பேரும் வந்தாச்சு. இங்க பெரியாளுக மொறைக்காக.”

“செத்த நேரத்துல கெளம்பிருவாரும்மா” என்று சொல்லி வைத்தேன். மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம்.

நான் உள்ளே போய் மீனாவின் மைக்கைக் கூண்டுக்குள்ளிருந்து வெளியே தூக்கிவந்தேன். அறையின் நடுவில், முனியாண்டி அண்ணனுக்கு நேர் எதிரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் நட்டேன். அவள் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

கார்த்தி பதறிவிட்டான். “அக்கா, உறுமி அம்புட்டும் அவ மைக்குல ஏறிரும். பொறவு ஒண்ணுமே திருத்த முடியாது!”

“திருத்துற மாதிரி வந்தா, இந்தப் பாட்டே வேண்டாம்” என்றேன்.

முனியாண்டி அண்ணன் தன் முன்னால் வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மாறியது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, உறுமியின் வாரை இறுக்கினார்.

“செருப்பக் கழட்டு தாயி. கால் தெரியட்டும்.”

மீனா செருப்பை உதறினாள். நான் அவள் பக்கத்தில் போய், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்றைக் கேட்டேன். “சங்கு ஊதுனப்புறம் ஒங்கம்மா யாருக்காவது நின்னாங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, பதிவைத் தொடங்கினேன்.

முதல் பாதி எப்போதும் போல அழகாகப் போனது. கார்த்தியின் கிட்டார் தெருவைப் போட்டது. ஸ்ரீனியின் பேஸ் அதில் நடந்தது. ஓட்டம் தொடங்குகிற இடம் வந்தது. மீனா மூச்சை இழுத்தாள். இழுத்த மறுகணம் விட்டாள்! கால் தரையில் அடித்தது. முனியாண்டி அண்ணனின் கண் அந்தக் காலில் விழுந்தது. உறுமி உறுமிக்கொண்டு எழுந்து அவள் பின்னால் பாய்ந்தது. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டுதான் இருந்தேன். அவள் ஒரு அடி கூட்டினால் அவர் ஒன்றரை அடி கூட்டுகிறார். அவர் நெருங்கியதும் அவள் இன்னும் தள்ளிப் போகிறாள். இரண்டு நாளும் ஐந்து முறையும் வராதது அங்கே என் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் போய்விட்டது.

விளக்குகள் அணைந்தன. கிட்டார் நின்றது. பேஸ் நின்றது. அவற்றின் ஆம்ப்ளிபயர்களுக்கு மின்சாரம் இல்லை. என் அறையில் யுபிஎஸ் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. கணினியும் மைக்குகளும் மட்டும் அதில் இணைக்கப்பட்டிருந்தன. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. வெயிலில் அதுவும் வெந்து கிடந்தது.

இந்த அறை ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்ததால் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியாக விழுந்த வெளிச்சத்தில், மீனாவின் கால்களும் அண்ணனின் கைகளும்தான் முதலில் என் கண்ணில் பட்டன. அவை நிற்கவில்லை.

கார்த்தி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். அவன் நினைத்தது நியாயம்தான். பாதியில் கிட்டார் இல்லை, பேஸ் இல்லை. இப்போதே நிறுத்திச் சேமித்தால் இதுவரை பதிவானதாவது பத்திரமாக இருக்கும். யுபிஎஸ் திடீரென்று செத்தால் மொத்தமும் போகலாம். என் விரலும் பொத்தானுக்குத்தான் போனது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஏதாவது தவறினால் நம் கை தானாக நிறுத்தப் போகும். அதுதான் ஜாக்கிரதை என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கையைக் கேட்காதீர்கள், காதைக் கேளுங்கள். எதிரே பாட்டு நின்றுவிட்டதா? நிற்கவில்லை என்றால் நிறுத்துவதற்கு நீங்கள் யார்?

விரலை எடுத்துவிட்டேன். கையை அசைத்துக் கார்த்தியிடம் ‘போகட்டும்’ என்றேன். அவன் ஒரு விநாடி என்னை முறைத்தான். பிறகு செத்துப்போன கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, காலால் தரையை உதைத்துத் தாளம் போடத் தொடங்கினான். ஸ்ரீனியும் சேர்ந்துகொண்டான். சிமெண்டுத் தரையில் நான்கு கால்கள் விழுந்த சத்தம், கேட்டை நோக்கி ஒரு கூட்டமே ஓடுகிற மாதிரி இருந்தது. மீனா கடைசி வரியைக் கத்தினாள்; பாடினாள் என்று சொல்ல மாட்டேன். உறுமி அவள் குதிகாலைத் தொட்டது. இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

கத்தி வைத்து வெட்டினாலும் அவ்வளவு சுத்தமாக நிற்காது.

உறுமியின் கடைசி முனகல் அறைச் சுவரில் அடங்கும்வரை விட்டுவைத்தேன். அடங்கிய பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சேமிக்கப் போனேன். பீப் சத்தம் ஒரே நீளமான ஊதலாக மாறியது. கட்டளை போவதற்குள் திரை கறுத்துவிட்டது.

நான் வெளியே வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மீனா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்ரீனி பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டிருந்தான். கார்த்தி மட்டும் என் முகத்தைப் பார்த்தான்.

“கெடச்சிருக்காக்கா?”

“தெரியல. பதிவாகப் பதிவாக டிஸ்க்ல ஏறிக்கிட்டேதான் இருக்கும், அதனால பெரும்பாலும் கெடைக்கும். சில சமயம் கெடைக்காது. கரண்ட் வரணும்.”

மீனாவின் சிரிப்பு நின்றது. முனியாண்டி அண்ணன் உறுமியை உறைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். “கெடைக்காட்டி போகட்டும் தாயி. நீ ஓடிட்டல்ல” என்றார். அதைக் கேட்டு அவள் மறுபடியும் அழுதாள். கார்த்தி பைக்கை உதைத்தான். அண்ணன் உறுமியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

விசாரித்ததில், எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாகச் சொன்னார்கள். தறிகளும் ஓடவில்லை. தெரு முழுக்க ஒரே அமைதி. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு அண்ணனின் மனைவி போன் செய்து, “காப்புக் கட்டியாச்சுக்கா, சரியா வந்து சேந்துட்டாக” என்றார். மீனாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ‘அக்கா?’ என்று மட்டும். ‘இன்னும் கரண்ட் வரல’ என்று பதில் போட்டேன். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மோர்ச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் தறிச் சத்தத்தில் விழித்தேன். வாசல் தெளிக்கவில்லை, காபி போடவில்லை. நேராக ஸ்டுடியோவுக்குப் போய்க் கணினியைப் போட்டேன். ‘சங்கு’ இருந்தது. முதலிலிருந்து கடைசி உறுமல்வரை, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்தது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றியதற்கும் திரை கறுத்ததற்கும் நடுவில் மைக்குகள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. மீனா மூச்சு வாங்குகிறாள். பிறகு முனியாண்டி அண்ணனின் குரல், நிஜமான ஆச்சரியத்தோடு:

“ஏந் தாயி, கரண்ட் எப்பப் போச்சு?”

கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். அந்தக் கேள்வி முடிகிற இடத்தில் பாட்டின் முடிவைக் குறித்தேன். மீனாவுக்குப் போன் போட்டு, அவள் “அக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்பீக்கர் பக்கம் போனை நீட்டினேன்.